ஐந்து ஊர் வேண்டாம், இரண்டு போதும்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்த எவரும் குறைந்தது பத்து முறையாவது ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதியிருப்பீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவான். பேருந்து சீறிப் பாயும். கேமரன் மலையின் குளிர் உடலைத் தழுவும். கடைசியில் அந்தச் சுற்றுலாவை என்னால் என்றென்றும் மறக்க இயலாது. உண்மையில் அப்போது நான் கேமரன் மலைக்குப் போனதே இல்லை! தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அதே கட்டுரையை மலாயில் எழுதினேன். அங்கும் நல்ல புள்ளிகள் கிடைத்தன.

அந்தக் கட்டுரைகளை இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தலைப்பில்தான் ‘நான்’. உள்ளே எல்லாம் ‘நாங்கள்’. நானும் என் குடும்பத்தாரும், நானும் என் நண்பர்களும், நானும் ஆசிரியர்களும். தனியாக ஒரு பெண் பிள்ளை எங்கேயாவது போய்வந்ததாக நான் எழுதியதில்லை, வகுப்பில் யாரும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு, “வீட்டில் அனுமதி பெற்றாயா?” என்று கேட்டிருப்பார்.

சென்ற ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி ஒரு பருவம் இத்தாலியில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தங்கியது பீசா நகரில். சாய்ந்த கோபுரம் உள்ள அதே பீசாதான். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணத்தில் லா ஸ்பெட்சியா. லா ஸ்பெட்சியாவில் வேறு ரயில் மாறினால் சில நிமிடங்களில் சின்குவே தெர்ரே. ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருள். ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னிலியா, வெர்னாட்சா, மொந்தெரொஸ்ஸோ எனக் கடலோரப் பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சிற்றூர்கள். 1997-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 1999-இல் தேசியப் பூங்கா ஆனது. கைப்பேசி வைத்திருக்கும் அனைவரும் அந்த வண்ண வண்ண வீடுகளின் படத்தை எப்படியும் பார்த்திருப்பீர்கள்.

என்னுடன் பீசாவுக்கு வந்திருந்த மலேசிய மாணவர்கள் நால்வர் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வந்தார்கள். ஒரே நாளில் ஐந்து ஊர். எனக்கு அன்று ஒப்படைக்க வேண்டிய இடுபணி இருந்ததால் போகவில்லை. இரவு திரும்பி வந்ததும் படங்களைக் காட்டினார்கள். முந்நூறுக்கும் மேல் இருக்கும். “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரயில் நிலையத்தில் வாங்கிய ரொட்டி. கொர்னிலியா ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 380 படிகள் ஏறினால்தான் ஊர். மூச்சிரைக்க ஏறிப் போய் இருபது நிமிடம் இருந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க மீண்டும் ஓடி இறங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதில் இருவர் இந்த மலரைப் படிப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: அது பயணம் அன்று. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இடுவது.

நான் போவதென்றால் வாரநாளில், தனியாக, இரண்டே ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் மட்டும், “கூட்டாளிங்களோட போறேன்மா” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் மொந்தெரொஸ்ஸோவில் இறங்கிவிட்டேன். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கடல். இந்த ஊருக்கு இரண்டு பாதி. நிலையம் இருப்பது புதிய பாதி. ஒரு சுரங்கப் பாதை வழியாக நடந்தால் பழைய ஊர். நான் முதலில் தேடியது கடலையும் அன்று, கோயிலையும் அன்று, பசியாறக் கடை.

லிகூரியா மாநிலத்து மக்களின் காலைப் பசியாறலைப் பற்றி ஒரு செய்தி கேள்விப்பட்டிருந்தேன். ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டி, மேலே ஒலிவ எண்ணெயும் கல்லுப்பும் மினுமினுக்கும். அதைப் பால்நுரை மிதக்கும் கப்புச்சீனோ காப்பியில் முக்கிச் சாப்பிடுவார்களாம். உப்பு ரொட்டியைக் காப்பியிலா என்று முகம் சுளிக்காதீர்கள். காலையில் தே தாரேயில் ரோத்தி சானாயைத் தொட்டுச் சாப்பிடும் என் தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். முக்கினேன். எண்ணெய்ப் பொட்டுகள் காப்பியில் மிதந்தன. உப்பும் பாலும் சேர்ந்து நாக்கில் ஏறியபோது தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பக்கத்தில் உண்மையில் உட்கார்ந்திருந்தவர் ஓர் இத்தாலியத் தாத்தா. நான் முக்குவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்று எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

பழைய ஊரில் ஒரு கடையில் கண்ணாடிக் குப்பிகளில் நெத்திலி அடுக்கி வைத்திருந்தார்கள். மொந்தெரொஸ்ஸோ நெத்திலிக்குப் பெயர் போன ஊர். நம் நாசி லெமாக்கில் வரும் பொடி நெத்திலி இல்லை. விரல் நீளத்துக்கு மேல் சதைப்பற்றோடு இருக்கும். இரவில் படகில் விளக்கைக் கட்டி, வெளிச்சத்துக்குக் கூடும் மீனை வலைபோட்டுப் பிடிப்பது பழைய முறை. தலையையும் குடலையும் கையால் கிள்ளி எறிந்துவிட்டு, உப்பு ஒரு வரிசை மீன் ஒரு வரிசையாக அடுக்கி, மேலே கனமான கல்லை வைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கடைக்கார அம்மாவுக்கு என் பாட்டியின் வயது இருக்கும். என் அரைகுறை இத்தாலியத்தை அவர் திருத்தவில்லை. அது பெரிய நற்பண்பு.

இத்தாலிய மொழியில் நெத்திலிக்கு ‘அச்சூகா’ என்று பெயர். அந்த அம்மா உள்ளே இருந்தவரிடம் பேசும்போது வேறு ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வெட்கத்தோடு, “அஞ்சூவா” என்றார். அது லிகூரிய மொழி. ஜெனோவா நகரத்தை நடுவாகக் கொண்டு இக்கரை முழுவதும் பேசப்பட்ட மொழி. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே அதில் செய்யுள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் இத்தாலி 1999-ஆம் ஆண்டு இயற்றிய 482-ஆம் எண் சட்டம் பாதுகாப்புக் கொடுத்த 12 சிறுபான்மை மொழிகளில் லிகூரியம் இல்லை. “பேரப்பிள்ளைகள் பேசுவார்களா?” என்று கேட்டேன். புரிந்துகொள்வார்கள், பதில் இத்தாலியத்தில் வரும் என்றார். தமிழ்மொழிக் கழகத்து மலரில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டு வரவேற்பறைகளிலும் தமிழில் கேட்ட கேள்விக்கு எந்த மொழியில் பதில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஐந்து ஊரை ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்திருந்தால் அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்காது. நெத்திலியும் வாங்கியிருக்க மாட்டேன்.

மொந்தெரொஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு மலைச்சரிவில் ஒரு நடைபாதை உண்டு. மூன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். இரண்டு மணி நேரம் ஆனது. சிலிப்பர் போட்டுக்கொண்டு இந்தப் பாதையில் ஏறினால் அபராதம் விதிப்போம் என்று 2019-இல் பூங்கா நிருவாகம் அறிவித்தது. 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை. ஒரு யூரோ ஏறக்குறைய ஐந்து வெள்ளி என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிப்பரிலேயே பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிடும் நம் ஆண் நண்பர்கள் கவனிக்க!

பாதை நெடுகிலும் கல் சுவர்கள். சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் இப்படிச் சுவர் எழுப்பி, மண்ணை நிரப்பித் திராட்சை நட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கான உழைப்பு. சுவர்களின் மொத்த நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இப்படிக் காரையின்றிக் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் மரபாக ஏற்றுக்கொண்டது. ஒரு கடையில் பழைய புகைப்படம் ஒன்று பார்த்தேன். பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாகப் படியேறுகிறார்கள். என் பாட்டி பால்மரத் தோட்டத்தில் மேட்டில் வாளி சுமந்தவர். அந்தப் படத்தின் முன்னால் நான் சற்று நேரம் நின்றேன். இன்று திராட்சை அறுவடைக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறிய இயந்திர வண்டிகளை வைத்திருக்கிறார்கள். அப்படியும் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. பல படிகள் புதர்மண்டிக் கிடக்கின்றன. சுவரில் ஒரு கல் விழுந்தால் எடுத்து வைக்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குப் பத்துக் கல் விழும். பிறகு மலையே இறங்கும்.

இறங்கியும் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் வெர்னாட்சாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. வெர்னாட்சாவில் மூவரும் மொந்தெரொஸ்ஸோவில் ஒருவரும் உயிரிழந்தனர். வெர்னாட்சாவின் ஒரே பெரிய தெரு மாடி உயரத்துக்குச் சேறும் கல்லுமாக நிரம்பியது. அடுத்த ஆண்டே ரியோமஜ்ஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் இடையிலான புகழ்பெற்ற ‘காதல் பாதை’யில் பாறை சரிந்து பயணிகள் சிலர் காயமடைந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 2024-இல்தான்.

இந்த ஐந்து ஊர்களிலும் சேர்த்து நாலாயிரத்துக்கும் குறைவானவர்களே குடியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் வருகிறவர்களோ இருபது லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் வண்ண வீடுகளைப் படமெடுக்கிறார்கள். அந்த வீடுகளைத் தாங்கி நிற்கும் மலையைத் தாங்குவது திராட்சைக்காரனும் எலுமிச்சைக்காரனும் அடுக்கிய கல். அவர்களுடைய திராட்சையையும் எலுமிச்சையையும் ஒலிவ எண்ணெயையும் யாரும் வாங்காவிட்டால் அந்தக் கல்லை யார் எடுத்து வைப்பது? ஆகவே ‘அந்த ஊர் உணவைச் சாப்பிடு’ என்று நான் சொல்வதைச் சாப்பாட்டு ராமியின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுப்பவனால் அந்த ஊருக்கு ஒரு காசு பயனில்லை. உட்கார்ந்து உண்பவனால் கொஞ்சம் பயன் உண்டு. ‘நீயும் அந்த இருபது லட்சத்தில் ஒருத்திதானே’ என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டம் குறைந்த வாரநாளில் போனேன், உண்டேன், அவ்வளவுதான்.

மதியம் வெர்னாட்சா. சிறிய துறைமுகம், கரையில் படகுகள், நீரை ஒட்டியே ஒரு தேவாலயம். ஓர் உணவகத்தில் நுழைந்ததும் பரிமாறுபவர், “ஒருவரா?” என்று ஒரு விரலைக் காட்டிக் கேட்டார். அந்த ஒற்றை விரலுக்கு எனக்கு ஏன் அவ்வளவு கூச்சம் வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். நம்மிடையே தனியாக உண்பவரைப் பார்த்தால், ‘ஐயோ பாவம், யாருமில்லை போல’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பல்கலைக்கழக உணவகத்தில்கூடத் தோழி வராவிட்டால் பொட்டலம் கட்டிக்கொண்டு அறைக்கு ஓடுகிறோம். நான் ஓடியிருக்கிறேன். இங்கே ஓட அறை இல்லை. உட்கார்ந்தேன். மேசைக்கென்று தனியாக ‘கொபெர்த்தோ’ என்ற ஒரு கட்டணம் போடுவார்கள். தனியாக வந்தாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கிறோம் அல்லவா, பிறகென்ன, நிமிர்ந்து உட்காரலாம்.

த்ரோஃபியே என்ற முறுக்கிய சிறு பாஸ்தா வந்தது. அதன்மேல் பெஸ்தோ. கூடவே உருளைக்கிழங்குத் துண்டும் பச்சை பீன்ஸும் போட்டு வேகவைத்திருந்தார்கள். பெஸ்தோ என்ற சொல்லே ‘இடித்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. பளிங்கு உரலில் பாசில் இலை, பூண்டு, பைன் பருப்பு, கல்லுப்பு, இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, ஒலிவ எண்ணெய் சேர்த்து மரக்குழவியால் இடிப்பது. பாசில் நம் திருநீற்றுப் பச்சிலைதான். துளசிக்கு நெருங்கிய சொந்தம். முதல் வாயில் துளசித் தீர்த்தத்தில் பூண்டு விழுந்தது போல் திடுக்கிட்டேன். மூன்றாம் வாயில் தட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். பிறகு நெத்திலியையும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் அடுக்கிச் சூளையில் வேகவைத்த ‘தியான்’. இது இந்த ஊருக்கே உரியது. பக்கத்து மேசையில் திராட்சையை உலர்த்திச் செய்யும் ‘ஷாக்கெத்ரா’ என்ற இனிப்பு மதுவைச் சின்னஞ்சிறு குவளையில் அருந்திக்கொண்டிருந்தார்கள். நான் குடிப்பதில்லை. எலுமிச்சைப் பனிக்கூழ் வாங்கிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தேன். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை.

துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா அழைத்தார். அங்கே மாலை மணி எட்டைத் தாண்டியிருக்கும். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு.

“கூட்டாளிங்கள காட்டு, வணக்கம் சொல்றேன்.”

கைப்பேசியைக் கடல் பக்கம் திருப்பினேன். படகைக் காட்டினேன். நாய் ஒன்று போனது, அதையும் காட்டினேன். அம்மா விடவில்லை. கடைசியில், “தனியாத்தான்மா வந்தேன்” என்றேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். “உன்னை நம்பித்தானே அனுப்பினேன்” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டார். கையில் இருந்த எலுமிச்சைப் பனிக்கூழ் உருகி விரலில் வழிந்தது.

அம்மா தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தைத் தவிர வேறு எந்தப் பேருந்திலும் தனியாக ஏறியவர் அல்லர். என் அண்ணன் பதினெட்டு வயதில் தாய்லாந்து எல்லைவரை மோட்டார் சைக்கிளில் போய்வந்தான். வீட்டில் அது இன்றும் பெருமைக் கதை. நான் அறிவியல் பாடத்தில் தேறி, விண்ணப்பம் எழுதி, நேர்காணலில் பேசி, பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறேன். அந்தப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அனுமதி கொடுத்த வீடு, அதற்குப் பிறகான ஒன்றரை மணி நேர ரயிலுக்குத் துணை கேட்கிறது. இதில் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பயம் பொய்யில்லை என்பதும் தெரியும். ரயிலில் பையை மடியில் இறுக்கிக்கொண்டுதான் வந்தேன், திரும்பும் ரயிலின் நேரத்தை மூன்று முறை சரிபார்த்தேன், இருட்டுவதற்குள் கிளம்பினேன். எந்தத் துணையும் எனக்கு இதற்கு மேல் செய்திருக்க முடியாது. ஆனால் பொய் சொன்னது தவறு. அதை நியாயப்படுத்த இக்கட்டுரையை எழுதவில்லை. பொய் சொல்லாமல் போக முடிகிற வீடு வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த மலர் பட்டதாரிகள் வீட்டு அலமாரிகளிலும் இருக்கும் என்பதால் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் சொல்கிறேன்: நாளை உங்கள் மகள் கேட்பாள். “யாரோட?” என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். “எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாய்?” என்று கேளுங்கள். அதற்கு எங்களால் உண்மையான பதில் சொல்ல முடியும்.

ஐந்து மணி ரயிலில் ஏறினேன். மனரோலாவையும் ரியோமஜ்ஜோரேவையும் சுரங்கங்களுக்கு இடையே ஒரு நொடி வெளிச்சமாகப் பார்த்ததோடு சரி. இறங்கவில்லை. லா ஸ்பெட்சியாவில் ரயில் மாறக் காத்திருந்தபோது ஒரு கடையில் ஃபரினாத்தா சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொண்டைக்கடலை மாவை ஒலிவ எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் கரைத்து அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி விறகுச் சூளையில் சுடுவது. கடலை மாவு தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள், நடைமேடையில் நின்றபடியே தின்றேன். விலை மிகக் குறைவு. மாணவர்களுக்கு ஏற்றது.

பையிலிருந்த நெத்திலிக் குப்பியைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை. பீசா வந்து சேரும்வரை பதில் இல்லை. மலேசியாவில் நள்ளிரவு கடந்திருந்தது. அறைக் கதவைத் திறக்கும்போதுதான் கைப்பேசி ஒலித்தது.

“நெத்திலியா அது? தலையைக் கிள்ளிட்டாங்களா? ரூமுக்கு வந்துட்டியா?”

வந்துவிட்டேன் என்று எழுதினேன். கிள்ளிவிட்டார்கள் என்றும் எழுதினேன்.